தெரிந்ததைச் சொல்லத் தெரிய வேண்டும்

பிள்ளைகளின் உரிமைகளைப் பற்றியும் உடல்நலத்தைப் பற்றியும் எழுதாத பத்திரிகை இல்லை. பேசாத மேடை இல்லை. நவம்பர் 14 வந்துவிட்டால் பள்ளிக்கூடங்களில் பேச்சுப் போட்டியும் ஓவியப் போட்டியும் நடக்கின்றன. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு உண்மையில் எவ்வளவு தெரியும், தெரிந்தது ஆபத்து நேரத்தில் கைகொடுக்குமா என்று உட்கார்ந்து பார்க்கிறவர்கள் குறைவு. பிழைப்புக்காக வெளிமாநிலம் வந்து குடியேறிய நம் போன்ற குடும்பங்களில் இந்தக் கேள்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு. நம் பிள்ளை ஒரு மொழியில் படிக்கிறது, வேறொரு மொழியில் வீட்டில் பேசுகிறது. பள்ளியில் படித்தது வாசற்படி தாண்டி வீட்டுக்குள் வருகிறதா? இதையே இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

நான் வைத்தியனும் அல்ல, வக்கீலும் அல்ல. டிப்ளமோ முடித்து ரயில்வேயில் இருப்புப்பாதைப் பிரிவில் சேர்ந்து, பொறியாளராக ஓய்வு பெற்றவன். இப்போது சித்தூர் மாவட்டம் புத்தலப்பட்டில் இருக்கிறேன். 2022ஆம் ஆண்டு மாவட்டங்களைப் பிரித்தபோது திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எங்கள் ஊர் சித்தூரிலேயே தங்கிவிட்டது. மாலை வேளைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிலர் கணக்குப் போட வருவார்கள். தெலுங்குப் பிள்ளைகளும் உண்டு, வேலூர், ஆற்காடு பக்கத்திலிருந்து வந்து குடியேறிய தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. கணக்கு முடிந்தபின் பேசிக்கொண்டிருப்போம். அப்படிப் பேசியதில் நான் கண்டவற்றை, சட்டத்திலும் மருத்துவத்திலும் உறுதியாக உள்ள செய்திகளோடு சேர்த்து இங்கே எழுதுகிறேன். இதை ஒரு புள்ளிவிவர ஆய்வாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தெரிந்துகொள்வதும் ஓர் உரிமையே

ஐக்கிய நாடுகள் சபை 1989 நவம்பர் 20 அன்று குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. இந்தியா 1992 டிசம்பர் 11 அன்று அதில் இணைந்தது. 54 பிரிவுகள் கொண்ட அந்த உடன்படிக்கையில் வாழும் உரிமை, கல்வி, பாதுகாப்பு ஆகியவை இருப்பதை எல்லோரும் அறிவோம். நம் கட்டுரைக்கு வேண்டிய மூன்று பிரிவுகள் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

முதலாவது, 24ஆம் பிரிவு. குழந்தையின் உடல்நலம், சத்துணவு, சுகாதாரம், விபத்துத் தடுப்பு பற்றிய அடிப்படை அறிவு பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் கிடைக்கும்படி அரசு செய்யவேண்டும் என்கிறது. 'பிள்ளைகளுக்கும்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். இரண்டாவது, 30ஆம் பிரிவு. மொழிச் சிறுபான்மைக் குழந்தை தன் மொழியைப் பயன்படுத்துவதைத் தடுக்கக் கூடாது. மூன்றாவது, 42ஆம் பிரிவு. இந்த உரிமைகளைப் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒருசேரத் தெரியப்படுத்துவது அரசின் கடமை. ஆக, தன் உரிமை இன்னதென்று அறிவதே குழந்தையின் உரிமைகளில் ஒன்று.

நம் அரசியல் சட்டத்திலும் இதற்கு இடமிருக்கிறது. மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்த 1956ஆம் ஆண்டில் 350அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்க வகுப்புகளில் தாய்மொழியில் கற்க வசதி செய்து தர ஒவ்வொரு மாநிலமும் முயலவேண்டும் என்பது அதன் சாரம். 1953 வரை சென்னை மாகாணத்தோடு இருந்த சித்தூர் மாவட்டத்துத் தமிழர்களுக்கும், பின்னால் வந்து குடியேறியவர்களுக்கும் இது பொருந்தும்.

பிள்ளைகளுக்குத் தெரிந்தவை

நான் பேசிய பிள்ளைகளைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டவுடனே பதில் சொல்கிறார்கள். 14 வயதுக்குக் கீழ் வேலைக்கு வைக்கக் கூடாது, பெண்ணுக்கு 18 வயதுக்கு முன் கல்யாணம் கூடாது, கை கழுவ வேண்டும், கொசு கடித்தால் டெங்கு வரும் என்று மளமளவென்று ஒப்பிக்கிறார்கள். நம் தலைமுறைக்கு அந்த வயதில் இவ்வளவு தெரியாது.

அடுத்த கேள்வியில்தான் தயக்கம் வருகிறது. "சரிம்மா, உன் கூடப் படிக்கிற பெண்ணுக்குக் கல்யாணம் பேசறாங்கன்னு தெரிஞ்சா யார்கிட்ட சொல்லுவே?" என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். "அது பெரியவங்க விஷயம் தாத்தா" என்றாள் ஒரு பெண். "நாய் கடிச்சா என்ன செய்வே?" என்று ஒரு பையனைக் கேட்டேன். "ஊசி போடணும்" என்றான். "வீட்டில் சொல்லுவியா?" என்றேன். சிரித்துக்கொண்டே, "சொன்னா அம்மா அடிக்கும்" என்றான். அவன் விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் மருத்துவர்கள் கவலைப்படுவதும் அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான். அதற்குப் பின்னால் வருகிறேன்.

மொழிச் சிக்கல் தனி. ஆந்திர அரசுப் பள்ளிகளில் சில ஆண்டுகளாக இருமொழிப் பாடநூல்கள் கொடுக்கிறார்கள். ஒரு பக்கம் ஆங்கிலம், எதிர்ப்பக்கம் அதே பாடம் தெலுங்கில். நல்ல ஏற்பாடு. ஆனால் நம் வீட்டுப் பிள்ளைக்கு அந்த இரண்டு பக்கத்திலும் தாய் பேசும் சொல் இல்லை. இரத்தசோகையை அது 'ரக்தஹீனத' என்று படிக்கிறது. வீட்டில் பாட்டி, "பொண்ணு வெளுத்துப் போயிட்டா, சோகை பிடிச்சிருக்கு" என்கிறாள். இரண்டும் ஒன்றே என்று அந்தப் பெண்ணுக்கும் தெரியவில்லை, பாட்டிக்கும் தெரியவில்லை. பள்ளியில் கொடுத்த மாத்திரை பையிலேயே கிடக்கிறது.

மூன்று படிகள்

ரயில்வேயில் பாதுகாப்பு விதிகளைக் கற்றுக்கொடுக்கும் முறை ஒன்று உண்டு. தண்டவாளம் முறிந்திருப்பதை ரோந்து போகிற கீமேன் கண்டால் என்ன செய்யவேண்டும்? வருகிற வண்டியை நிறுத்த வேண்டும். அகலப்பாதையில் 600 மீட்டர் தள்ளி ஒரு டெட்டனேட்டரும், 1200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று டெட்டனேட்டர்களும் தண்டவாளத்தில் கட்டி, சிவப்புக் கொடி காட்ட வேண்டும். இதை ஒருவர் வாயால் ஒப்பித்தால் நாங்கள் திருப்திப்பட்டுவிடுவதில்லை. "செய்து காட்டு" என்போம். எந்தப் பக்கம் முதலில் ஓடுவாய், பையில் டெட்டனேட்டர் இருக்கிறதா, தகவலை எந்த ஸ்டேஷனுக்கு அனுப்புவாய் என்று கேட்போம். அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. வண்டியை நிறுத்தியதற்காகத் திட்டு விழாது என்ற நம்பிக்கை அந்தத் தொழிலாளிக்கு இருக்கவேண்டும். சந்தேகத்தின் பேரில் வண்டியை நிறுத்தியவனை மேலதிகாரி கடிந்துகொண்டால், அடுத்த முறை அவன் யோசிப்பான். யோசிக்கும் நேரத்தில் வண்டி வந்துவிடும்.

பிள்ளைகளின் அறிவையும் இப்படியே மூன்று படிகளாகப் பிரித்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். முதற்படி, செய்தி தெரிவது. இரண்டாம் படி, அதை வீட்டு மொழியில் சொல்லத் தெரிவது. மூன்றாம் படி, யாரிடம் சொல்வது என்று தெரிந்து, பயமில்லாமல் சொல்வது. பள்ளிக்கூடம் முதற்படியை ஏற்றிவிடுகிறது. மற்ற இரண்டு படிகளும் வீட்டில்தான் இருக்கின்றன. குடியேறிய குடும்பங்களில் பிள்ளைகள் நின்றுவிடுவது அந்த இடத்தில்தான்.

சட்டம் சொல்வது

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலில் உரிமைகள். நம் குடும்பங்களுக்கு மிகவும் வேண்டியவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பள்ளியில் சேர்தல்: 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. 6 வயது முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி. ஊர் மாறி வருகிறவர்கள் மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று பிள்ளையை மாதக்கணக்கில் வீட்டில் நிறுத்திவைப்பதைப் பார்க்கிறோம். அது தேவையில்லை. சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. வேறு மாநிலத்திலிருந்து வந்தாலும் இது பொருந்தும். வயதுச் சான்று இல்லையென்றும் திருப்பி அனுப்பக் கூடாது. இது 14ஆம் பிரிவு. இடையில் படிப்பு விட்டுப்போன பிள்ளையை அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்த்து, விட்டதைப் பிடிக்கச் சிறப்புப் பயிற்சி தரவேண்டும்.

அடி: அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு, பள்ளியில் உடலைத் துன்புறுத்துவதையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. தெலுங்கு உச்சரிப்பு சரியில்லை என்று வகுப்பில் கேலி செய்து ஒரு பிள்ளையைக் கூனிக் குறுக வைப்பதும் இதில் அடங்கும். தலைமையாசிரியரிடம் பணிவாகவும் எழுத்திலும் சொல்லலாம்.

வேலை: தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் பிள்ளைகள் இருந்த சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறிய முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் கட்டவேண்டும், அது அந்தக் குழந்தையின் நலனுக்கே செலவாக வேண்டும் என்றது. அப்போதிருந்த 1986ஆம் ஆண்டுச் சட்டம் குறிப்பிட்ட சில தொழில்களை மட்டுமே தடுத்தது. 2016இல் திருத்திய பிறகு, 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது. 14 முதல் 18 வரை அபாயகரமான வேலைகள் கூடாது. பள்ளி நேரம் போக, விடுமுறையில், சொந்தக் குடும்பத் தொழிலில் கைகொடுப்பதற்கு விலக்கு உண்டு. அந்தத் தொழில் அபாயகரமானதாக இருக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் இந்த வேறுபாடு முக்கியமானது. மாங்காய்க் காலத்தில் அப்பாவின் தோப்பில் கூடை எடுத்துக் கொடுப்பது வேறு. கூலிக்கு ஆள் பிடிக்கிறவரோடு கல் குவாரிக்கோ செங்கல் சூளைக்கோ போவது வேறு. பதினைந்து வயதுப் பையனுக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும்.

கல்யாணம்: 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019 முதல் 2021 வரை நடந்தது. 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் 23.3 விழுக்காட்டினர் 18 வயதுக்கு முன்பே கல்யாணமானவர்கள் என்பது அதன் நாடு தழுவிய கணக்கு. நாலில் ஒரு பெண் என்று வைத்துக்கொள்ளலாம். கோடை விடுமுறையில் சொந்த ஊருக்குப் போய், "மாமன் வீட்டில் கேட்கிறார்கள்" என்று அங்கேயே முடித்துவிட்டு வருகிற வழக்கம் நம்மவர்களிடம் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. மாநில எல்லை தாண்டினால் சட்டம் மாறுவதில்லை. அப்படி நடந்துவிட்ட கல்யாணத்தையும், பெண் தனக்கு 18 வயது நிறைந்து மேலும் இரண்டு ஆண்டுகள் ஆவதற்குள் நீதிமன்றத்தில் மனுக் கொடுத்து ரத்து செய்துகொள்ளலாம். இது பெற்றவர்களுக்கும் தெரிவதில்லை.

தொடுதல் பற்றிய சட்டம்: இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. கூச்சத்தால் எழுதாமல் விடுவதால்தான் குற்றம் செய்கிறவன் தைரியம் பெறுகிறான். 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள போக்சோ சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட ஆண், பெண் எல்லாப் பிள்ளைகளையும் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிறது. இதில் நம் பிள்ளைகள் அறியவேண்டியவை நான்கு. ஒன்று, போலீஸ்காரர் சீருடையில் வந்து விசாரிக்கக் கூடாது. கூடியவரை பெண் அதிகாரியே, பிள்ளையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ கேட்க வேண்டும். இரண்டு, பிள்ளைக்குப் புரியாத மொழியில் எழுதினால் மொழிபெயர்ப்பாளர் வைத்துத் தரவேண்டும். தெலுங்கோ ஆங்கிலமோ சரளமாக வராத தமிழ்ப் பிள்ளை தமிழிலேயே சொல்லலாம். மூன்று, பெயர், பள்ளி, முகவரி எதையும் பத்திரிகையில் வெளியிடக் கூடாது. நான்கு, பிள்ளை சொன்னது தவறென்று பின்னால் தெரிந்தாலும் பிள்ளைக்குத் தண்டனை கிடையாது. ஆனால் குற்றம் நடந்தது தெரிந்தும் மறைக்கும் பெரியவர்களுக்குத் தண்டனை உண்டு. குடும்ப மானம் என்று மூடி வைப்பவர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும்.

யாரிடம் சொல்வது: நாடு முழுவதும் 1098 என்ற எண். 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் கிடையாது. 1996இல் மும்பையில் தொடங்கிய இந்தச் சேவையை 2023 முதல் அரசே எடுத்து நடத்துகிறது. ஆந்திராவில் 2019 முதல் உள்ள கிராமச் செயலகங்களில் பெண்கள், குழந்தைகள் பாதுகாப்புக்கென்று ஒரு பெண் அலுவலர் இருக்கிறார்; ஊரில் மகிளா போலீஸ் என்பார்கள். வீட்டில் கோபித்துக்கொண்டு ரயில் ஏறும் பிள்ளைகள் திருப்பதி, ரேணிகுண்டா போன்ற பெரிய ஸ்டேஷன்களில் இறங்குவது உண்டு. அங்கே ரயில்வே பாதுகாப்புப் படையினர் கண்டால் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைப்பார்கள். 24 மணி நேரத்துக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். அதைப் பிடித்து அடைப்பது என்று பயப்படத் தேவையில்லை. அந்தக் குழு பிள்ளையைக் காக்க ஏற்பட்டது.

உடலுக்கு வரும் ஆபத்துகள்

சோகை: மேலே சொன்ன தேசிய ஆய்வில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. இதற்காகத்தான் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை வாரம் ஒரு நீல நிற மாத்திரையும், சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு இளஞ்சிவப்பு மாத்திரையும் பள்ளியில் தருகிறார்கள். இவை இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் கொண்டவை. மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும். அதைக் கண்டு, "சூட்டு மாத்திரை, வேண்டாம்" என்று நிறுத்திவிடுகிறார்கள் தாய்மார்கள். இரும்பு சாப்பிட்டால் அப்படித்தான் போகும்; அது நோயல்ல. வெறும் வயிற்றில் சாப்பிட்டால் குமட்டும், சோற்றுக்குப் பின் சாப்பிடவேண்டும். கூடவே டீ, காப்பி குடித்தால் சத்து உடம்பில் சேராது. இதோடு பிப்ரவரி 10, ஆகஸ்டு 10 ஆகிய நாட்களில் குடற்புழு மாத்திரையும் தருகிறார்கள். புழு இருக்கும் வயிற்றில் எவ்வளவு கீரை போட்டாலும் பாதி வீண்.

தண்ணீர்: பல்லில் பழுப்புக் கறை உள்ள பிள்ளைகளை இராயலசீமையில் பல ஊர்களில் பார்க்கலாம். பல் தேய்க்காததால் வந்தது என்று மற்ற பிள்ளைகள் கேலி செய்வார்கள். அது ஃப்ளோரைடு அதிகமுள்ள தண்ணீரால் வருவது. இந்தியாவில் இந்த நோயை முதன்முதலில் மருத்துவர்கள் பதிவு செய்தது 1937இல், அப்போது சென்னை மாகாணத்திலிருந்த நெல்லூர் மாவட்டத்தில். ஒரு லிட்டரில் 1 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேல் பல ஆண்டுகள் குடித்தால் எலும்பும் வளையும். இங்கே நம்மவர்கள் அறியவேண்டியது ஒன்று: கொதிக்க வைப்பதால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடவே செய்யும். போர்த் தண்ணீர் குடிக்கிறவர்கள் ஊராட்சி மூலம் தண்ணீரைப் பரிசோதித்துக் கேட்கலாம்.

நாய்க்கடி: முன்பு சொன்ன பையனிடம் வருகிறேன். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி ஒரு முறை தோன்றிவிட்டால் பிழைப்பவர் அநேகமாக இல்லை. ஆனால் கடித்த உடனே செய்யவேண்டியதைச் செய்தால் வராமலே தடுக்கலாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எதையும் அப்பக் கூடாது. அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். தோலில் போடும் முறையில் முதல் நாள், அதிலிருந்து 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என்று நான்கு தடவை ஊசி. ஆழமான காயத்துக்குக் காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் போடவேண்டும். நாயிடம் அதிகம் கடிபடுகிறவர்கள் 5 முதல் 14 வயதுப் பிள்ளைகள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த வயதில்தான் அடிக்குப் பயந்து மறைக்கும் குணமும் இருக்கிறது. "தெரு நாயிடம் ஏன் போனாய்?" என்று கன்னத்தில் ஒன்று வைத்தால், அடுத்த முறை சின்னக் கீறலைப் பிள்ளை சொல்லாது. சின்னக் கீறலும் போதும்.

பூச்சிமருந்து: மாந்தோப்பும் தக்காளித் தோட்டமும் உள்ள ஊரில் இது முக்கியம். மருந்து டப்பாவில் வண்ண முத்திரை ஒன்று இருக்கும். சிவப்பு என்றால் கடும் விஷம். அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. பச்சையும் விஷந்தான், வீரியம் குறைவு. எழுத்துத் தெரியாத பிள்ளையும் நிறத்தை அறியும். காலி டப்பாவில் தண்ணீர் மொள்ளக் கூடாது, மருந்தடித்த அன்று தோட்டத்தில் விளையாடக் கூடாது என்பதைத் தமிழில் வீட்டில் சொல்லவேண்டும்.

மின்கம்பி: இது என் துறைக்குப் பக்கத்து விஷயம். காட்பாடி, சித்தூர், பாகாலா, திருப்பதி வழி மின்மயமான பாதை. 2025 ஏப்ரலில் இதை இரட்டைப் பாதையாக்க மத்திய அரசு ஒப்புதல் தந்திருக்கிறது. வேலை நடக்கும் இடங்களில் ஜல்லிக் குவியலும் நிற்கும் வாகன்களும் பிள்ளைகளுக்கு விளையாட்டு மைதானமாகத் தெரியும். எங்கள் மாலை வகுப்பில் இதை ஒரு கணக்காகவே போட்டோம். தண்டவாளத்திலிருந்து கம்பி ஏறக்குறைய 5.5 மீட்டர் உயரம். கூரையுள்ள சரக்கு வாகன் ஏறக்குறைய 4 மீட்டர். மிச்சம் எவ்வளவு? ஒன்றரை மீட்டர். பன்னிரண்டு வயதுப் பையன் எவ்வளவு உயரம்? ஏறக்குறைய அதே ஒன்றரை மீட்டர். வீட்டு மின்சாரம் 230 வோல்ட், அந்தக் கம்பியில் 25,000 வோல்ட். நூறு மடங்குக்கும் மேல். கம்பியைத் தொடவே வேண்டாம், நெருங்கினாலே பாயும். பயிற்சி பெற்ற ஊழியர்களே மின்சாரத்தை நிறுத்தாமல் இரண்டு மீட்டருக்குள் போகக் கூடாது என்பது விதி. கணக்கைப் போட்டு முடித்ததும் ஒரு பையன், "அப்ப உட்கார்ந்திருந்தாலும் ஆபத்தா தாத்தா?" என்று கேட்டான். அவனுக்குப் பாடம் புரிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

வீட்டில் ஒரு பத்து நிமிடம்

ஞாயிற்றுக்கிழமை மாலை பத்து நிமிடம் ஒதுக்கிப் பின்வரும் கேள்விகளைப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். தமிழில் கேளுங்கள், தமிழில் பதில் வாங்குங்கள். பிள்ளை தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ சொன்னால் திருத்த வேண்டாம். அதற்குத் தமிழில் நாம் என்ன சொல்கிறோம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். நமக்கே தெரியாத இடத்தில், "வா, கேட்டுத் தெரிந்துகொள்வோம்" என்று சொல்லலாம்.

1. அப்பாவின் போன் எண், அம்மாவின் போன் எண், நாம் இருக்கும் தெரு, மண்டலம், மாவட்டம் ஆகியவற்றைப் பார்க்காமல் சொல்வாயா?

2. 1098 எதற்கு, 108 எதற்கு? (முதலாவது பிள்ளைகளின் உதவிக்கு. இரண்டாவது ஆம்புலன்சுக்கு, ஆந்திராவில் 2005ஆம் ஆண்டு தொடங்கியது.)

3. நாய் கடித்தால் முதல் 15 நிமிடம் என்ன செய்வாய்? குழாயடிக்குப் போய்ச் செய்து காட்டு.

4. பாம்பு கடித்தால் என்ன செய்யக் கூடாது? (இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது, ஓடக் கூடாது. கடித்த கையையோ காலையோ அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.)

5. பள்ளியில் இந்த வாரம் மாத்திரை கொடுத்தார்களா? எதற்கு?

6. மருந்து டப்பாவில் எந்த நிறம் மிகவும் கொடியது?

7. யாராவது உன்னைத் தொட்டுவிட்டு, "வீட்டில் சொல்லாதே" என்றால் என்ன செய்வாய்? வீட்டில் யாரிடம் முதலில் சொல்வாய்? நான் ஊரில் இல்லையென்றால் யாரிடம்?

8. உன் வகுப்பில் வராமல் நின்றுவிட்ட பிள்ளை உண்டா? ஏன் வரவில்லை?

9. இதுவரை பயந்து எங்களிடம் சொல்லாமல் விட்டது ஏதாவது உண்டா?

ஒன்பதாவது கேள்விக்கு அன்றைக்கே பதில் வராது. நாலு ஞாயிறு கழித்து வரலாம். வரும்போது கை ஓங்காமலும் குரல் உயர்த்தாமலும் கேட்டுக்கொள்ள வேண்டும். அதுதான் பெற்றோருக்கான பரீட்சை. வண்டியை நிறுத்தியவனைத் திட்டாத மேலதிகாரி போல நாம் இருக்கவேண்டும்.

சங்கம் செய்யக்கூடியது

நம் சங்கங்கள் பொங்கல் விழா, பட்டிமன்றம் எல்லாம் சிறப்பாக நடத்துகின்றன. ஆண்டுக்கு ஒரு முறை ஒரு குழந்தை மருத்துவரையும் ஒரு வழக்கறிஞரையும் அழைத்து, பிள்ளைகளோடு தமிழில் பேச வைப்பது பெரிய செலவில்லை. பெரியவர்களைப் பின் வரிசையில் உட்கார வைத்துவிட்டுப் பிள்ளைகளைக் கேள்வி கேட்க விட வேண்டும். பள்ளியில் வழங்கும் சொற்களுக்கும் வீட்டுச் சொற்களுக்கும் ஒரு பக்க அட்டவணை அச்சிட்டுத் தரலாம். தெலுங்கு ஒரு பத்தி, தமிழ் ஒரு பத்தி. ரக்தஹீனத, சோகை என்று எதிரெதிரே போட்டால் போதும், பாட்டியும் பேத்தியும் ஒரே நோயைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். பல ஊர்களில் பிள்ளைகள் தமிழ் எழுதப் படிக்க மறந்துவருகிறார்கள் என்று நாம் வருந்துகிறோம். மொழியைக் காப்பதற்கு இலக்கியம் ஒரு காரணம் என்றால், பிள்ளை தன் வலியைத் தாயிடம் சொல்ல முடிவது அதைவிட முந்திய காரணம்.

அடுத்த ஞாயிறு முதல் கேள்வியிலிருந்து தொடங்குங்கள். உங்கள் பிள்ளைகள் எந்தக் கேள்வியில் நின்றார்கள் என்று இதழுக்கு எழுதினால், மற்ற குடும்பங்களுக்கும் பயன்படும்.